கடல்மீன் தொட்டியும் வெண்புள்ளி நோயும்

கடல்வாழ் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பேணுதல் பலர்க்கு உவப்பான பொழுதுபோக்காய் அமைந்துள்ளது. நன்னீர் மீன் வளர்ப்பினும் இஃது அரியது, செலவு மிக்கது, பொறுமையை வேண்டி நிற்பது. இதனை மேற்கொண்டோர் என்றோ ஒருநாள் எதிர்கொள்ளும் இடுக்கண் ஒன்றுண்டு. நேற்றுவரை துலங்கிய நிறத்தோடு நீந்திய மீன், இன்று காலை உப்புத்தூள் தூவப்பட்டாற்போல வெண்புள்ளிகளைத் தாங்கி நிற்கின்றது. சில நாளில் அப்புள்ளிகள் தாமே மறைகின்றன. வளர்ப்போர் மகிழ்கின்றனர். ஆனால் ஓரிரு வாரங்களிற் புள்ளிகள் முன்னினும் பன்மடங்காய் மீளுகின்றன. மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மடிகின்றன.

புள்ளி மறைந்த பின்னரும் மீன் மடிவதேன்? இவ்வினாவுக்கு விடையறிந்தவர் தம் மீன்களைக் காப்பர். அறியாதவர் மருந்துப் புட்டிகளை மாற்றி மாற்றி வாங்குவர். அவ்விடையையும், அதிலிருந்து பெறப்படும் செயன்முறைகளையும் இக்கட்டுரையில் இயன்றவரை எளிமையாக விளக்க முயல்கின்றோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, மருத்துவம் செய்வோன் நோயுற்றவனின் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் ஆராய்ந்து செய்தல் வேண்டும் என முறை வகுத்துள்ளார். மாந்தர்க்குக் கூறிய அம்முறை மீன்களுக்கும் பொருந்துவதே. ஆதலின் அம்மூன்றையும் அவ்வரிசையிலேயே எடுத்துக்கொள்வோம்.

நோயாளி

கடனீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. கடல்மீனின் குருதியிலுள்ள உப்போ இதன் மூன்றிலொரு பங்களவினதே. செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு கூடிய இடத்துக்கு நீர் மென்சவ்வினூடாகச் செல்லும் என்பது நாம் கல்லூரி ஆய்வுகூடத்திலே கற்ற பாடம். ஆகவே கடலினுள் வாழும் மீன் இடையறாது தன் உடல் நீரைக் கடலுக்கு இழந்துகொண்டிருக்கின்றது. அவ்விழப்பை ஈடுசெய்ய அது கடனீரைக் குடிக்கின்றது. மிகுதியான உப்பைப் பெரும்பாலும் செவுள் வழியாக வெளியேற்றுகின்றது. எம்மவர் பூ என வழங்கும் செவுளே அதற்கு மூச்சுறுப்பாகவும் உப்பை அகற்றும் உறுப்பாகவும் பயன்படுகின்றது.

இதனால் மீனின் தோலும், அதன்மேற் பூசப்பட்ட வழுவழுப்பான சீதமும், செவுளும் உடலுக்கும் கடலுக்கும் இடையே நிற்கும் மதிலாகும். மதிலிலே நூற்றுக்கணக்கான துளைகள் விழுந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும், உப்பு உட்புகும், ஒட்சிசன் பெறும் வழியும் குன்றும். வெண்புள்ளி நோயால் மீன் இறப்பதற்கு இதுவே காரணம். புண்பட்ட இடத்தில் பற்றீரியாக்கள் குடியேறி மேலும் ஊறு விளைத்தலும் உண்டு.

நோயாளியைப் பற்றி மற்றொன்றும் அறிதல் வேண்டும். நன்னீர்த் தொட்டிகளில் வாழும் கப்பி, பொன்மீன் முதலியன பெரும்பாலும் பண்ணைகளிற் பிறந்தவை. கடல்மீன்களுட் கோமாளி மீன் போன்ற சில இனங்களே பண்ணைகளில் வெற்றியுடன் இனம்பெருக்கப்படுகின்றன. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை முருகைக்கற்பார்களிற் பிடிக்கப்பட்டவை. எமது இலங்கையும் இவ்வணிகத்தில் நெடுநாளாக ஈடுபட்டுவரும் நாடாகும். தென்மேற்குக் கரையிற் கடல் அமைதியுறும் மாதங்களில் அங்கும், அக்கரை கொந்தளிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலே திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய கீழ்க்கரைக் கடல்களிலும் சுழியோடிகள் மீன் பிடிப்பர். பிடிபட்ட மீன் பைகளிலும் பெட்டிகளிலும் பல கைமாறிப் பயணஞ் செய்து களைத்துத் தொட்டிக்கு வந்து சேருகின்றது. களைத்த உடல் நோயை எதிர்க்கும் ஆற்றலில் தாழ்ந்தது. அன்றியும், தொட்டியிலே ஒரு மீன் மடிந்தால் அதன் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து மற்றொரு மீன் எடுக்கப்படுகின்றது. ஆதலின் இந்நோயைப் பற்றிய அறிவு வளர்ப்போனின் பணப்பையோடு மட்டும் தொடர்புடையதன்று. முருகைக்கற்பாருக்கும் அது நன்மை பயப்பது.

நோய்

வெண்புள்ளி நோய் ஒட்டுண்ணியால் வருவது. யப்பானிய அறிஞர் சிகாமா 1937ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார். இலண்டன் விலங்கியற் கழகத்தைச் சார்ந்து ஆய்வு செய்த பிறவுண் என்பார் 1951ஆம் ஆண்டில் இவ்வுயிருக்குக் கிரிப்ரோகரியொன் இரிற்றன்சு எனப் பெயரிட்டார். முதற்சொல் மறைந்த கரு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களாலானது; இரண்டாஞ்சொல் எரிச்சலூட்டுவது எனப் பொருள்படும். 1966ஆம் ஆண்டில் நைகிரெல்லி, றுகியேரி என்னும் இருவர் நியூயோர்க் மீன்காட்சியகத்தில் இந்நோய் விளைத்த அழிவை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். பின்னர் செங்கடலின் வடமுனையிலுள்ள ஈலாத் நகரிலே கொலோர்ணி என்பார் இதன் வாழ்க்கை வட்டத்தை நாட்கணக்காக அளந்து, தடுக்கும் வழிகளையும் 1987ஆம் ஆண்டில் வகுத்துரைத்தார்.

விலங்கியற் பாடத்திலே நுணுக்குக்காட்டியிற் பரமீசியத்தைக் கண்டவர்க்கு இவ்வுயிர் புதிதன்று. அதுபோலவே இதுவும் ஒருகலத்தாலானது. உடல் முழுதும் பிசிர்களையுடையது. மீனின் தோலையோ செவுளையோ மெல்லச் சுரண்டி நோக்கின், மங்கிய நிறமுடைய உருண்டையான உயிர் மெதுவாகச் சுழன்று கொண்டிருத்தலைக் காணலாம். அதன் பெருங்கரு நான்கு மணிகள் கோத்தாற்போன்றது.

நன்னீர் மீன்களுக்கும் வெண்புள்ளி நோய் ஒன்றுண்டு. இரண்டும் ஒரே தோற்றத்தன. வாழ்க்கை வட்டமும் ஒத்தது. ஆயினும் அவை நெருங்கிய உறவினவல்ல. 2002ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி, கடல் ஒட்டுண்ணியை முற்றிலும் வேறான வகுப்பிலே சேர்த்தது. நன்னீர் நோய்க்குக் கூறப்படும் பரிகாரங்களைக் கடற்றொட்டியில் அவ்வாறே கையாள்வோர் ஏமாற்றமடைவதற்கு இஃது ஒரு காரணம். நன்னீர் வளர்ப்போர் நீரைச் சூடாக்குவர், உப்பிடுவர். கடல் ஒட்டுண்ணியோ வெப்பக்கடலையும் உப்பையும் தன் இல்லமாகக் கொண்டது.

இதனோடு மயங்கத்தக்க மற்றொரு நோயையும் ஈண்டுக் குறித்தல் தகும். அது வெல்வெற்று நோய் எனப்படும். இதற்குக் காரணமான அமைலோடினியம் என்னும் உயிரையும் பிறவுண் அவர்களே 1931ஆம் ஆண்டில் முதன்முதல் விவரித்தார். இந்நோயில் உப்புக்கல் போன்ற தனித்தனிப் புள்ளிகளுக்குப் பதிலாக, பொன்னிறத் துகள் படிந்தாற்போன்ற மங்கல் தோன்றும். பெரும்பாலும் அம்மங்கல் கண்ணுக்குப் புலனாகுமுன்னரே செவுள் கெட்டு மீன் விரைந்து மூச்செறியும். சில நாளில் மடியும். வெண்புள்ளியினும் கொடியது இது. இரண்டுக்கும் மருத்துவம் முழுதும் ஒன்றன்று. ஆதலின் நுணுக்குக்காட்டி வசதியுடையோர் பார்த்துத் தெளிதல் நன்று.

காலம்

இனி இக்கட்டுரையின் உயிர்நாடியான பகுதிக்கு வருவோம். வெண்புள்ளி ஒட்டுண்ணியின் வாழ்க்கை நான்கு நிலைகளையுடையது.

முதல் நிலையில் அது மீனின் மேற்றோலுக்கு அடியிலே புகுந்திருந்து, மீனின் கலங்களை உண்டு கொழுக்கின்றது. நாம் காணும் வெண்புள்ளி இதுவே. முற்றியபோது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் அளவினது. இந்நிலை 3 முதல் 7 நாள் வரை நீடிக்கும். இரண்டாம் நிலையில் அது தானாகவே மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் சில மணிநேரம் ஊர்ந்து திரியும். மூன்றாம் நிலையில் மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி வலிய கூடமைத்து, அதனுள் பலவாகப் பிளவுபடும். ஒரு கூட்டினுள் இருநூறு வரையிற் குஞ்சுயிர்கள் உண்டாகலாம். நான்காம் நிலையில் கூடு திறந்து அவை வெளிவந்து மீனைத் தேடி நீந்தும். ஓரிரு நாளுள் மீன் அகப்படாவிடின் அவை இறந்தொழியும்; உண்மையில் முதற்சில மணிநேரங்களின் பின்னரே அவற்றின் தொற்றும் வலி குன்றிவிடும்.

கூடு திறக்கும் காலமே கவனித்தற்குரியது. எல்லாக் கூடுகளும் ஒரேநாளில் திறப்பதில்லை. பெரும்பாலானவை ஒரு வாரமளவில் திறக்கும். சில 3 நாளிலேயே திறக்கும். 72 நாள் வரை திறவாதிருந்த கூடுகளும் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளன. அன்றியும், குஞ்சுயிர்கள் பின்னிரவு 2 மணிக்கும் காலை 9 மணிக்கும் இடையிலேயே வெளிவருகின்றன என 1994ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இரவிலே மீன்கள் கல்லிடுக்கில் அசையாது உறங்கும் வேளை, கீழிருந்து எழும் பகைவனுக்கு வாய்ப்பான வேளையன்றோ!

இப்பொழுது முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. புள்ளி மறைந்தது நோய் நீங்கியதாலன்று. ஒட்டுண்ணி உண்டு முடித்து இறங்கியதால். நோய் மீனை விட்டுத் தொட்டிக்குச் சென்றுவிட்டது. அங்கே கண்காணாத கூடுகளில் அது பெருகிக்கொண்டிருக்கின்றது.

ஓர் எளிய கணக்கை உதாரணமாகக் கொள்வோம். மீனில் 10 புள்ளிகள் இருந்தன என்றும், ஒவ்வொன்றும் 200 குஞ்சுயிர்களாயிற்று என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் 2,000. அவற்றுட் பத்திலொன்றே மீனை அடைந்தது எனினும் அடுத்த சுற்றிற் புள்ளிகள் 200. அதற்கடுத்த சுற்றில் 4,000. பரந்த கடலிலே பத்திலொன்றன்று, ஆயிரத்திலொன்று மீனை அடைதலும் அரிது. அதனால் அங்கே நோய் கட்டுக்குள் நிற்கின்றது. சில அடி நீளமான கண்ணாடிச் சுவர்களுக்குள் மீனுக்கும் ஓடவிடமில்லை. ஒட்டுண்ணிக்கும் தேடும் தொல்லையில்லை. வெப்பக்கடல்களிற் கூடுகட்டி மீன் வளர்க்கும் பண்ணைகளிலும் இந்நோய் பேரிழப்பை விளைப்பதற்கு இதுவே காரணம்.

பொய்ம்மருந்துகள் பெயர்பெறுவதும் இக்காலக்கணக்கை அறியாமையாலேயே. புள்ளி தோன்றிய மூன்றாம் நாள் உணவில் உள்ளிச்சாறு கலந்து கொடுத்தவர், ஐந்தாம் நாள் புள்ளி மறையக் காண்கின்றார். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக, மறைந்ததற்கு உள்ளியே காரணமென நம்புகின்றார், நண்பர்க்கும் சொல்கின்றார். வேறு சிலர் துப்புரவாளி மீனையும் இறாலையும் வாங்கி விடுகின்றனர். அவை மீனுடலின் மேற்புறத்திலே திரியும் சிறு ஒட்டுண்ணிகளைப் பொறுக்கி உண்பன. தோலுக்கு அடியில் மறைந்திருப்பதையும், மணலிற் கூடு கட்டியிருப்பதையும் அவை என் செய்யும்?

மருந்து

தோலுக்கடியில் இருக்கும்போது ஒட்டுண்ணியை நீரிற் கரைத்த மருந்து எளிதில் எட்டாது. கூட்டினுள் இருக்கும்போது கூட்டின் சுவர் காக்கும். ஆகவே பெரும்பாலான மருந்துகள், அது குஞ்சுயிராய் நீந்தும் குறுகிய காலத்திலேயே அதனை வெல்ல வல்லன. மருந்து ஒருநாள் இட்டு நிறுத்துவதன்று. எல்லாக் குஞ்சுயிர்களும் வெளிவரும்வரை இடைவிடாது நிலைநிற்க வேண்டுவது. பரிகாரமனைத்துக்கும் இதுவே அடிப்படை.

செப்பு நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருவது. நீரில் தனிச் செப்பயன் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, குறைந்தது மூன்று நான்கு வாரம் நிலைபெறல் வேண்டும். அளவு குறையின் பயனில்லை. கூடின் மீனுக்கே நஞ்சாம். ஆதலின் நாடோறும் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. வேறு பொருளோடு பிணைக்கப்பட்ட செப்பு மருந்துகளின் அளவு வேறாதலின், அவற்றுக்குரிய குறிப்பையே பின்பற்றல் வேண்டும். முருகை, இறால், நத்தை முதலியன செப்பினால் மாளும். சுண்ணாம்புக் கல்லும் முருகை மணலும் செப்பை ஈர்த்துக்கொள்ளும். எனவே செப்பு மருத்துவம் வெறுந்தொட்டியிலேயே செய்தற்குரியது. வெல்வெற்று நோயையும் செப்புக் கட்டுப்படுத்தும். ஒருகாலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்கு எமது நாட்டில் வீடுதோறும் அறியப்பட்ட குளோரோகுயினும் அந்நோய்க்கு மருந்தாகப் பயன்படுகின்றது. அதனை விலங்கு மருத்துவரின் ஆலோசனையோடு கொடுத்தலே முறை.

இரண்டாவது, உப்பைக் குறைத்தல். ஆயிரத்தில் 35 பங்காகவுள்ள உப்பை ஓரிரு நாளிற் படிப்படியாக 15 அல்லது 16 பங்குக்குத் தாழ்த்திச் சில வாரங்கள் வைத்திருந்தால், ஒட்டுண்ணியின் கூடுகள் நிலைகுலைந்து அழியும். மீனின் குருதி கடனீரினும் உப்புக் குறைந்ததாதலின் அது பெரும்பாலும் இதனைத் தாங்கும். முருகை முதலியனவும் சுறா, திருக்கை வகைகளும் தாங்கா. உப்பை நம்பத்தக்க கருவியால் அளத்தல் வேண்டும். மீள உயர்த்துதலை மிக மெதுவாகச் செய்தல் வேண்டும். எனினும் இம்முறை எவ்விடத்தும் வெல்லும் என்றில்லை. உப்புக் குறைந்த நீரிலும் வாழவல்ல ஒட்டுண்ணி வகைகள் தாய்வானில் உள்ளமை 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வெல்வெற்று நோயின் உயிரும் இதற்கு எளிதில் அடங்காது.

மூன்றாவது முறை மருந்தே இல்லாதது. காலக்கணக்கின் துணைகொண்டே நோயை வெல்வது. கொலோர்ணி வகுத்த இம்முறையில், நோயுற்ற மீன் மூன்று நாளுக்கொருமுறையாக நான்கு முறை, கழுவி உலர்த்திய வேறு தொட்டிக்கு மாற்றப்படுகின்றது. மீனிலிருந்து இறங்கிய ஒட்டுண்ணிகள் பழைய தொட்டியிற் கூடு கட்டுகின்றன. அவை திறக்குமுன் மீன் அங்கிருந்து அகற்றப்பட்டுவிடுகின்றது. பழைய தொட்டி உலர்த்தப்படுதலாற் கூடுகளும் மாளுகின்றன. இரண்டு சிறு தொட்டிகள் இருந்தால் மாறிமாறிப் பயன்படுத்தலாம். உழைப்பு மிகுதி, செலவு குறைவு. வெல்வெற்று நோய்க்கு மட்டும் இதனை நம்பியிருத்தல் தகாது.

மீனை இவ்வாறு காப்பாற்றிய பின்னர் அதனைப் பழைய பெருந்தொட்டியில் உடனே விடின் எல்லாம் வீணாகும். அங்கே கூடுகள் காத்திருக்கின்றன. ஆகவே பெருந்தொட்டியை மீனே இல்லாது வெறுமையாக விடுதல் வேண்டும். முருகையும் இறாலும் அங்கேயே இருக்கலாம். அவை இந்த ஒட்டுண்ணிக்கு உணவாகா. ஆறு வாரம் போதுமெனப் பலர் கூறுவர். 72 நாட் கூடுகளை நினைவிற் கொண்டால், 11 வாரம் காத்திருத்தலே உறுதியானது. ஒரு சிறு மீனைத்தானும் அங்கே விட்டுவைத்தல் கூடாது. அவ்வொன்றே ஒட்டுண்ணியின் பரம்பரையைத் தொடரச் செய்துவிடும்.

காப்பு

நோயிலிருந்து தப்பிய மீன் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறும். அத்தகைய மீன் செவுளிற் சில ஒட்டுண்ணிகளைத் தாங்கியும் நலமாகத் தோன்றக்கூடும். அத்தொட்டியிற் புதிதாக விடப்பட்ட மீன் நோயுறின், புதிய மீனே நோயைக் கொணர்ந்தது என அதன்மீது பழி சுமத்தப்படும். வெளிர்நீல உடலும் மஞ்சள் முதுகுச் செட்டையும் உடைய இந்துமாக்கடற் சேர்ஜன் மீன் இந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது. அதனை இறுதியில் வாங்கிச் சேர்த்தோர் பலர் இவ்வாறு மயங்குவர்.

ஆதலின் கடல்மீன் வளர்க்கக் கருதுவோர் முதலிலேயே இரண்டு தொட்டிகளுக்குத் திட்டமிடுவாராக. அழகிய பெருந்தொட்டி ஒன்று. மணலும் கல்லும் இல்லாத சிறு தனிமைத்தொட்டி மற்றொன்று. தனிமைத்தொட்டியிற் பிளாத்திக்குக் குழாய்த்துண்டு ஒன்று மீன் ஒளிந்திருக்கப் போதும். பெருந்தொட்டியிற் சில வாரம் வைத்திருந்த நுரைப்பஞ்சு வடியை முன்னரே கொணர்ந்து வைப்பின், மீன்கழிவால் உண்டாகும் அமோனியாவை அதிலுள்ள பற்றீரியாக்கள் மாற்றும். ஆனால் நோய் கண்ட தொட்டியிலிருந்து அவ்வாறு எடுத்தல் கூடாது. புதிதாக வாங்கிய எம்மீனையும் முப்பது நாளுக்குக் குறையாது அங்கே வைத்து, நன்றாக உண்கின்றதா, கல்லோடு உராய்கின்றதா, விரைந்து மூச்செறிகின்றதா என நாடோறும் நோக்குதல் வேண்டும். வலையும் வாளியும் கைக்குழாயும் ஒவ்வொரு தொட்டிக்கும் வேறாக இருத்தல் வேண்டும். ஈரமான வலையொன்றே நோயைக் காவிச் செல்லும். புதிய முருகையும் கல்லும் தம்மேற் கூடுகளைக் கொணரக்கூடும் என்பதனையும் மறத்தலாகாது.

மீன் விற்கும் கடையிலே பல மீன்கள் ஒரே நீரைப் பகிர்ந்து வாழும். அங்கே புள்ளியற்ற மீனைத் தெரிந்தெடுத்தோம் என்பது உறுதியாகாது. புள்ளி இன்று இறங்கியிருக்கலாம், செவுளுக்குள்ளே மறைந்திருக்கலாம், நாளை வெளிப்படலாம். கண்ணால் நோயில்லை எனக் காண்பதும் காலத்தாற் காண்பதும் வேறு. முப்பது நாட் காவலைத் தாண்டி வந்ததே நம்பத்தக்க சான்று.

இவை யாவும் பொருளாலும் அறிவாலும் எட்டாதவையல்ல. ஒரு சிறு தொட்டி, ஒரு நாட்காட்டி, அதிலே நாளைக் குறித்துக் காத்திருக்கும் மனவுறுதி ஆகியவையே வேண்டப்படுவன. புள்ளி மறைந்த நாளிலேயே மருத்துவத்தை நிறுத்தும் ஆவலை அடக்குவதே இவற்றுட் கடினமானது. கடலினின்றும் எடுத்துவந்த உயிரைத் தம் இல்லத்தில் வைத்துப் பார்த்து மகிழ விரும்புவோர், அவ்வுயிர்க்கு முதலிற் கொடுக்கவேண்டிய விருந்தோம்பல் இந்த முப்பது நாட் காவலே என்பதைத் தம் இளைஞர்க்கும் எடுத்துரைப்பாராக.